வாளியில் போட்ட பதினொரு படங்கள்

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். ஆட்கள் கதைத்ததைக் கதைத்தபடியே விடு, மற்றதைப் புத்தகத்தில் வருகிற மாதிரி எழுது என்று சொல்லியிருக்கிறேன். ஓம் ஓம் என்று தலையாட்டுகிறாள். என்ன எழுதுகிறாள் என்று பார்க்க எனக்கு வழியில்லை. முடிந்த பிறகு வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்பேன். ஒரு சொல் விடுபட்டாலும் பிடித்துவிடுவேன். அதில் மட்டும் என்னை ஏய்க்க முடியாது.

அப்போது நாங்கள் உன்னிச்சைக் குளத்துக்குக் கீழே, வயலோடு ஒட்டின வளவில் இருந்தோம். நான், என் மனிசன், பேத்தி. பேத்தி என்றால் இதோ எழுதுகிறவள்தான். அப்போது கைப்பிள்ளை. இவள் வயிற்றில் இருக்கும்போதே தகப்பன் போய்விட்டார். அது வேறு கதை, அதை இவளைக் கொண்டு எழுதுவிக்க மாட்டேன். இவளுக்கு ஒரு வயது திரும்பியதும் என் மகள் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனாள்.

சண்டை மறுபடியும் சூடு பிடித்துக்கொண்டிருந்த காலம். எங்கள் பக்கம் ஒரு ஆட்களின் கையில் இருந்தது, ஆற்றுக்கு அங்கால் மற்ற ஆட்களின் கையில். நடுவில் சோதனைச் சாவடி. எங்கள் பக்கம் கரண்டும் இல்லை, தொலைபேசியும் இல்லை. அதனால் மாதத்தில் ஒரு நாள் விடிய வெள்ளண எழும்பி ஏறாவூருக்குப் போய், ஒரு கொமினிக்கேசன் கடையில் குந்தியிருந்து மகளின் அழைப்புக்குக் காத்திருப்பேன். அந்தக் கடைக்காரத் தம்பியின் ராத்தா, அதாவது அவருடைய மூத்த சகோதரி, என் மகள் வேலை செய்த தெருவிலேயே இன்னொரு வீட்டில் வேலை செய்தா. அப்படித்தான் அந்தக் கடை எங்களுக்குப் பழக்கமானது. நான் போனால் அந்தத் தம்பி கதிரையைத் துடைத்துப் போடுவார். பால் விடாத பிளேன்ரீ வரும். கடைக்கு வருகிற எல்லோரும் என்னைப் பார்த்து மகள் பேசினாளா என்று கேட்பார்கள். ஆட்களோடு கதைப்பது எனக்கு ஒரு கொண்டாட்டம். அழைப்பு வரச் சுணங்கினால் சந்தோசப்படுவேன் என்று என் மனிசன் சொல்வார்.

ஒரு தடவை மகள் போனில் அழுதாள்.

"அம்மா, நான் வரக்குள்ள புள்ள என்னப் பாத்து ஆரெண்டு கேக்கும்."

"கேக்காது."

"நானும் புள்ளையப் பாத்து ஆரெண்டு கேட்டிருவன் போல இரிக்கி. என்ன உசரம் எண்டும் தெரியா, எத்தின பல்லு எண்டும் தெரியா."

"ஆறு பல்லு," என்றேன். "எல்லாத்தையும் நீ கண்ணால காணுவாய், பொறுத்திரு." எப்படிக் காண்பாள் என்று எனக்கே தெரியாது. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அது ஒரு நேர்த்திக்கடன் மாதிரி நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

வழியை மகளே கண்டுபிடித்தாள். அந்த ராத்தா மூன்று மாத லீவில் வந்தபோது, ஒரு சின்னக் கமராவைக் கொடுத்துவிட்டிருந்தாள். சவர்க்காரக் கட்டி அளவுதான் இருக்கும். ஃபிலிம் சுருள் இல்லை. உள்ளே நகத்துண்டு மாதிரி ஒரு சிப் இருக்கிறது, எடுக்கிற படமெல்லாம் அதற்குள் போய்விடும் என்று கடைக்காரத் தம்பி திறந்து காட்டினார். கமராவைத் திருப்பி ஒரு பொத்தானை அமத்தினால் முதுகிலிருக்கிற கண்ணாடியில் படம் தெரியும். முதல் படமாக என் மகளே சிரித்துக்கொண்டு நின்றாள். பின்னால் பெரிய அடுப்பு, கையில் தேய்த்த பாத்திரம், ஈரம் துடைக்காத முழங்கை. முன்பல் இடைவெளி தெரியாமலிருக்க உதட்டை மூடிச் சிரிக்கிற அவளுடைய பழக்கம். நான் அந்தக் கடைக்குள்ளேயே அழுது சிரித்து ஒரு பாடு படுத்திவிட்டேன்.

மகளின் படமென்று எங்களிடம் வேறொன்றுதான் இருந்தது, பாஸ்போட்டுக்கு எடுத்தது. அதில் முறைத்துக்கொண்டு நிற்பாள். பேத்திக்குக் காட்டினால் பேத்தி அழும். கல்யாணப் படங்கள் முந்தின இடம்பெயர்வில் போய்விட்டன. ஆகவே இந்தக் கமராத் தாய்தான் பேத்திக்குத் தாய். காலையில் முகம் கழுவித் துடைத்ததும் கமராவை ஏற்றிக் காட்டுவேன். "இது ஆரு?" என்று கேட்பேன். "ம்மா," என்று சொல்லிக் கண்ணாடியில் விரலை வைக்கும். அந்த விரல் அடையாளத்தைச் சேலைத் தலைப்பால் துடைப்பதும் என்னுடைய காலை வேலைகளில் ஒன்றானது.

படம் எடுக்கவும் பழகிவிட்டேன். எழுத்துத் தெரியாததால் அது எனக்குச் சுகமாகவே இருந்தது. ஏனென்றால் அந்தக் கமராவில் எழுத்தை விடச் சித்திரம்தான் கூட. மின்னல் கீறியிருந்தால் வெளிச்சம் அடிக்கும். பூப் படம் போட்டிருந்தால் கிட்ட இருக்கிற பொருளை எடுக்கலாம். அம்புக்குறி அடுத்த படத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும். மூலையில் ஒரு வாளி. அதை நான் அதுவரை தொடவில்லை.

"கமராக்காரி வாறா, எல்லாரும் தலைய இழுத்து விடுங்க," என்று என் மனிசன் நக்கலடிப்பார்.

"உங்களுக்கு ஒரு படம் எடுக்கட்டா?"

"எனக்கு வேணாம். பற்றி வீணாப் போகும்." ஆனால் அப்படிச் சொல்லிவிட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வருவார். பற்றி என்றால் கமராவுக்குப் போடுகிற பேட்டரி, எங்கள் பக்கம் அது கிடைப்பது அருமை. ஏறாவூரில் வாங்கி, சேலை மடிப்புக்குள் வைத்துக் கொண்டுவருவேன்.

பேத்தி குளிக்கிறது, கோழியைத் துரத்துகிறது, சோற்றை முகமெல்லாம் அப்பிக்கொள்கிறது எல்லாம் சிப்புக்குள் போனது. முதன்முதலாக எழும்பி நடந்ததும் போனது. நெல்லுக் காயப்போட்ட பாயில் நின்றிருந்தவள் திடீரென்று கையை விட்டாள். நான் கமராவைத் தூக்கவும் அவள் காலைத் தூக்கவும் சரியாக இருந்தது. ஒரு கால் பாயில், மற்றக் கால் அந்தரத்தில். வாய் திறந்தபடி. அந்தப் படத்தை எத்தனை தரம் பார்த்தேன் என்று கணக்கில்லை.

இனி நான் விட்ட பிழைக்கு வருகிறேன். அதற்கு முன் கழுவுகிற கதையைச் சொல்ல வேண்டும்.

ஃபிலிம் காலத்தில் படம் எடுத்தால் சுருளைக் கடையில் கழுவக் கொடுப்போம். கழுவினால்தான் படம் வரும். என் மகள் கைப்பிள்ளையாக இருந்தபோது என் மனிசன் ஒரு கமராவை இரவல் வாங்கி, ஒரு சுருள் முழுக்க அவளைப் படமெடுத்து, பட்டணத்துக் கடை ஒன்றில் கழுவக் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த கிழமை பிரச்சினை. றோட்டுப் பூட்டு, ஊரடங்கு. ஐந்தாறு மாதம் கழித்துப் போனால் கடை இருந்த இடத்தில் கரி. அந்தச் சுருளில் என் மகளின் கைப்பிள்ளைக் காலம் முழுவதும் இருந்தது. ஒரு படம் மிஞ்சவில்லை. கழுவக் கொடுக்கிற படத்தைக் கடையில் விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அன்றைக்கே மனதுக்குள் முடிந்துவைத்தேன்.

ராத்தாவின் லீவு முடிய இரண்டு கிழமை இருக்கும்போது மகள் போனில் சொன்னாள்: "அம்மா, நல்ல படங்களாப் பாத்துக் கழுவி ராத்தாட்டக் குடுத்து விடுங்க."

கழுவுவது என்றதும் எனக்கு மூலையில் இருக்கிற வாளிதான் நினைவுக்கு வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சித்திரம் போட்டிருக்கிறார்களே, கழுவுகிறதுக்குத்தான் வாளி போட்டிருக்கிறார்கள் என்று விளங்கிக்கொண்டேன். வேறு என்னத்துக்கு ஒரு வாளி?

வீட்டுக்கு வந்து மாமரத்துக்குக் கீழே குந்தியிருந்து, ஆகத் திறமான படங்களாகத் தெரிந்தெடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் வாளியை அமத்தினேன். கண்ணாடியில் ஏதோ எழுத்து வந்து கேள்வி கேட்டது. நடுப் பொத்தானை அமத்தினேன். படம் போய்விட்டது. கழுவப் போய்விட்டது என்று சந்தோசமாக ஒரு புளியங்கொட்டையை எடுத்துவைத்தேன். பதினொரு படம், பதினொரு புளியங்கொட்டை. நடந்த படம் போனது. மகளின் முகமும் போனது. அதைக் கழுவிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட வேண்டுமென்று எனக்கு ஆசை.

அடுத்த நாள் ஏறாவூர்க் கடைக்குப் போய்க் கமராவை மேசையில் வைத்தேன்.

"மனே, பதினொரு படம் கழுவி அனுப்பியிரிக்கன். உங்கட இஞ்ச வந்திட்டா எண்டு பாருங்க."

கடைக்காரத் தம்பி கமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க கழுவின நீங்க?"

"இதிலதான், இந்த வாளியில."

உள்ளே தைத்துக்கொண்டிருந்த ராத்தா எட்டிப் பார்த்தா.

"அம்மா," என்றார் தம்பி, "இது வாளி இல்ல. குப்பைத் தொட்டி."

கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டேன். சிரித்திருந்தார்களென்றால் நான் அப்போதே செத்திருப்பேன். இருவரும் சிரிக்கவில்லை. ராத்தா தண்ணீர் கொண்டுவந்து தந்தா. தம்பி சிப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"அழிச்ச படம் உடன போகாது அம்மா. உள்ளுக்குத்தான் கிடக்கும், பேர்தான் அழிஞ்சிருக்கும். எடுக்கிறதுக்கு ஒரு சீடி இரிக்கி, கொழும்பில என்ட கூட்டாளிட்ட. பத்து நாளைக்குள்ள எடுப்பிச்சுத் தாறன். ஆனா ஒண்டு. அதுவரைக்கும் இந்தச் சிப்பில ஒரு படமும் எடுக்கப்படா. புதுசா ஒண்டு எடுத்தா, பழைய ஒண்டுக்கு மேல போய்க் குந்திரும். மறுகா ஆராலயும் எடுக்கேலா."

"ஒண்டும் எடுக்கமாட்டன்."

"எண்டா சிப்ப இஞ்ச வெச்சிட்டுப் போங்க."

"அது ஏலா மனே."

கரியான கடையின் கதையை முழுவதுமாகச் சொன்னேன். இரண்டு வாடிக்கையாளர் காத்திருந்தார்கள், அவர்களும் கேட்டார்கள். கடைசியில் தம்பி சிப்பில் மிஞ்சியிருந்த படங்களைத் தன் கொம்பியூட்டரில் ஒரு கொப்பி போட்டார். எனக்கும் ஒரு சீடியில் கொப்பி போட்டுத் தந்தார்.

"ஒரு பொருள ஒரு இடத்தில மட்டும் வைக்கப்படா அம்மா. மூண்டாக்கி மூண்டு இடத்தில வைக்கோணும்."

"எனக்குச் சொல்லித் தாறியளா, விதைநெல்லு எங்க வைக்கிறதெண்டு," என்றேன். விதைநெல்லை நாங்கள் ஒரு வீட்டில் வைப்பதில்லை. எங்கள் வீட்டில் ஒரு பங்கு, ஆற்றுக்கு அங்கால் ஆரையம்பதியில் தங்கச்சி வீட்டில் ஒரு பங்கு. வெள்ளமோ நெருப்போ ஒரு வீட்டில் வந்தால் மற்ற வீட்டில் இருக்கும். படத்துக்கும் அதுதான் என்பது ஏன் எனக்கு முன்னமே தோன்றவில்லை என்று வழியெல்லாம் என்னை நானே ஏசிக்கொண்டு வந்தேன்.

சிப்பை என் வெற்றிலைக் கொட்டைப்பெட்டிக்குள், பாக்குக்கு நடுவில் வைத்தேன். சீடியை என் மனிசனிடம் கொடுத்துக் கவனமாக வைக்கச் சொன்னேன். அவர் வைத்த கவனத்தை நான்கு நாள் கழித்துத்தான் கண்டேன். வட்டைக்குள், விளைந்துகொண்டிருந்த வயலுக்கு நடுவில், ஒரு கம்பில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

"என்ன வேலை பாத்திரிக்கிறீங்க?"

"நல்லா மின்னுது. ஒரு கிளி கிட்ட வரல்ல," என்றார். "ஊரெல்லாம் இப்ப இதத்தான் கட்டுறாங்க."

"அதுக்குள்ள உங்கட பேத்தி இரிக்கிறாள்."

அவர் கிட்டப் போய், தன் முகம் தெரிகிற அந்தத் தட்டை எட்டிப் பார்த்தார். "எனக்கு நான்தான் தெரியிறன்," என்றார். சரி, நாளைக்கு அவிழ்ப்போம் என்று வந்தோம். அந்த நாளை வரவில்லை. விடியப் பொழுதில் ஷெல் விழத் தொடங்கியது. குளக்கட்டுப் பக்கம் ஒன்று, கோயில் பக்கம் ஒன்று. ஊர் எழும்பிவிட்டது. சீடி வயலில் நின்று கிளியைத் துரத்திக்கொண்டே இருந்திருக்கும்.

பக்கத்து வளவு உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏறினோம். நான் எடுத்தது பேத்தி, ஒரு உடுப்பு மூட்டை, கமரா, கொட்டைப்பெட்டி. மனிசன் எடுத்தது அரை மூட்டை அரிசியும் ஒரு மண்வெட்டியும். மண்வெட்டி எதற்கு என்று கேட்டேன், தெரியாது என்றார். வழியில் இரண்டு நாள் பள்ளிக்கூடம் ஒன்றில் தங்கி, பிறகு ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தோம். ஆற்றைக் கடத்துகிற பெரிய மிதவைக்கு எங்கள் ஊரில் பாதை என்று பேர். பாதைக்குச் சனம் கரை நிறைய நின்றது. எங்களுக்கு முறை வர வெயில் சரிந்துவிட்டது.

அந்த மூன்று நாளும் பேத்தி காலையில் எழும்பியதும் மூட்டையைத் தடவிக் கமராவைத் தேடி எடுக்கும். "ம்மா" என்று என்னிடம் நீட்டும். நான் என்ன செய்ய? சிப் வெளியே, தாயின் முகம் குப்பைத் தொட்டியில். கறுத்துக் கிடக்கிற கண்ணாடியைத் தானே பார்த்து, விரலை வைத்து, "ம்மா?" என்று கேட்டுவிட்டு, பேசாமல் என் மடியில் வைக்கும். மூன்றாம் நாள் கேட்கவில்லை. எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே கீழே வைத்தது. எனக்கு ஷெல் சத்தத்தை விட அதுதான் பயமாக இருந்தது.

பாதை நடு ஆற்றுக்கு வந்தபோது பேத்தி மனிசனின் கையை விட்டுவிட்டு, ஆடுகிற பலகையில் தள்ளாடித் தள்ளாடி, ஒவ்வொருவரின் முழங்காலையும் பிடித்துப் பிடித்து என்னிடம் நடந்து வந்தது. அத்தனை துயரத்திலும் சனம் சிரித்தது. ஒரு கிழவர் கை தட்டினார். பின்னால் தண்ணீரெல்லாம் செம்பு நிறம்.

"எடு கா," என்றார் மனிசன். "சிப்பப் போட்டு எடு. இப்ப எடுக்காம எப்ப எடுக்கிற?"

கை தானாகக் கமராவுக்குப் போனது. கொட்டைப்பெட்டியைத் திறந்தும் விட்டேன். பிறகு மூடினேன்.

"ஏலா. புதுசா ஒண்டு எடுத்தா பழைய ஒண்டு போயிரும்."

"ஒண்டுதானே போகும்."

"எது போகும் எண்டு உங்களுக்குத் தெரியுமா? மகள்ட முகம் போனா?"

நான் பேத்தி நடந்த அந்த நடையைக் கண்ணாலேயே எடுத்தேன். இப்போது கேட்டாலும், எத்தனை முழங்காலைப் பிடித்தாள் என்று சொல்வேன். ஏழு.

அக்கரையில் சோதனை. ஒரு இளம் ஆமிக்காரன் மூட்டையை அவிழ்த்தான். கமராவைக் கண்டதும் முகம் மாறியது. திறந்து பார்த்தான்.

"சிப் எங்க?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பிறகு பாக்குக்குள்ளிருந்து கண்டெடுத்தால் என்ன நினைப்பான்? ஒளித்துவைத்தது படத்தை அல்ல, வேறு எதையோ என்றுதான் நினைப்பான். நானே எடுத்து நீட்டினேன். அவன் கமராவில் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிள்ளை, பிள்ளை, கோழி, பிள்ளை, என் மனிசன் சட்டையோடு, பிள்ளை. முகம் கொஞ்சம் இளகியது. பேத்தி அவனைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தது. அவனும் சிரித்துக்கொண்டு கமராவைத் தூக்கி அவள் பக்கம் பிடித்தான்.

நான் கமராவின் கண்ணை உள்ளங்கையால் பொத்திவிட்டேன்.

"எப்பா மாத்தயா, எப்பா," என்றேன். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெரிந்த சிங்களம் அவ்வளவுதான்.

சுற்றி நின்ற ஆட்கள் ஒரு அடி பின்னால் போனார்கள். ஆமிக்காரன் என் கையைப் பார்த்தான். என் மனிசனுக்கு ஒரு காலத்தில் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்த சிங்களம் கொஞ்சம் உண்டு. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "போட்டோ ஹோதன்ன தியெனவா மாத்தயா," என்றார். படம் கழுவ இருக்கிறது ஐயா என்று அர்த்தம். அவர்களும் கழுவுவது என்றுதான் சொல்வார்களாம், அது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவனுக்கு விளங்கியதோ இல்லையோ, கமராவைத் தாழ்த்தினான். ஆனால் மேசையில் இருந்த பெரியவன் கமரா போக முடியாது, விசாரித்த பிறகுதான் தருவோம் என்று சொல்லிவிட்டான்.

"கமராவ வெச்சிருங்க," என்றேன். கையை நீட்டிக்கொண்டே நின்றேன். "அந்தத் துண்ட மட்டும் தாங்க."

இரண்டு பேரும் தங்களுக்குள் கதைத்தார்கள். பின்னால் சனம் தள்ளியது. நான் அசையவில்லை. மனிசன் என் சேலையைப் பிடித்து இழுத்தார், அதற்கும் அசையவில்லை. கடைசியில் அந்த இளம் பொடியன் சிப்பைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தான். கமராவுக்கு ரசீது மாதிரி ஒரு துண்டு எழுதித் தந்தான். அந்தத் துண்டைக் கொண்டு கமராவைத் தேடி நான் போகவேயில்லை.

ஆரையம்பதியில் தங்கச்சி எங்களைக் கட்டிப்பிடித்து அழுது, சோறு போட்டு, எல்லாம் கேட்டு முடித்த பிறகு சொன்னாள்: "மகள் உழைச்சு அனுப்பின கமராவக் குடுத்திட்டு, நகத்துண்டு மாதிரி ஒண்டோட வந்திரிக்கிறாய். உனக்குப் புத்தி மட்டா அக்கா?"

"உனக்கு விளங்காது. ராத்தா போறதுக்கு இன்னும் அஞ்சு நாள்தான் இரிக்கி. நாளைக்கு நான் ஏறாவூர் போறன்."

"றோட்டுக் கிடக்கிற கிடையில?"

"ஓம். அதிலதான்."

முதல் நாள் பட்டணத்தோடு பஸ்ஸைத் திருப்பிவிட்டார்கள். இரண்டாம் நாள் பஸ்ஸே வரவில்லை. தங்கச்சி என்னைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து மீன் வெட்டினாள். மூன்றாம் நாள் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு, மூன்று பஸ் மாறி, இரண்டு இடத்தில் இறங்கி நடந்து, மத்தியான லுகர் தொழுகைக்குக் கடை பூட்டுகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். தம்பி பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எங்களைக் கண்டதும் பூட்டை உள்ளே வைத்துவிட்டு, "வந்திட்டீங்களா அம்மா," என்றார். "எங்கட ராத்தா ரெண்டு நாளா வாசலப் பாத்திட்டு இரிக்கிறா." கொழும்புச் சீடி வந்திருந்தது.

கொட்டைப்பெட்டியைத் திறந்து சிப்பைக் கொடுத்தேன். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சுண்ணாம்பு பூசியிருந்தது.

"இதுக்கும் வெத்திலை மடிச்சுக் குடுத்திருக்கீங்க."

பஞ்சால் துடைத்து, ஊதி, மறுபடியும் துடைத்து, கொம்பியூட்டரில் போட்டார். ஒரு நீலக் கோடு மெல்ல மெல்ல நகர்ந்தது. அவர் தொழுதுவிட்டு வந்தார், அது இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது. ராத்தா சோறு கொண்டுவந்து தந்தா. எனக்கு இறங்கவில்லை. பேத்தி என் பங்கையும் சாப்பிட்டது.

பிறகு தம்பி கேட்டார்: "பதினொண்டும் எது எது எண்டு சொல்ல ஏலுமா அம்மா? சரியா வந்திரிக்கா எண்டு பாக்கோணும்."

ஏலுமா என்று என்னிடம் கேட்டார். நான் விரல் மடித்துச் சொன்னேன். ஒன்று, வாளிக்குள் குந்தியிருந்து குளிக்கிறது. இரண்டு, கோழியின் வாலைப் பிடிக்கிறது, கோழியின் தலை படத்தில் இல்லை. மூன்று, மனிசனின் தோளில், அவரது மீசையை இழுத்தபடி. நான் சொல்லச் சொல்ல அவர் அமத்தினார். சொன்னபடியே ஒவ்வொன்றும் வந்து நின்றது. கடைக்கு வந்த ஆட்கள் வந்த வேலையை மறந்து பின்னால் நின்று பார்த்தார்கள். ஒன்பதாவதாக நான் ஒன்றும் சொல்லாமல் நின்றேன். அவர் அமத்தினார்.

அடுப்பு. பாத்திரம். ஈர முழங்கை. மூடிய உதட்டுச் சிரிப்பு. கமராக் கண்ணாடியில் தீப்பெட்டி அளவில் இருந்த முகம் அங்கே ஒரு சுளகு அளவில் நின்றது.

"ம்மா," என்றது பேத்தி. இடுப்பிலிருந்து வழுகி இறங்கி மேசையைப் பிடித்து எட்டி, கொம்பியூட்டரில் விரலை வைத்தது. சோற்றுக் கை. அந்தத் தம்பி துடைக்கவில்லை. வைக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

பத்தாவதும் வந்தது. பதினோராவது, நடந்த படம், பாதிதான் வந்தது. திறந்த வாய், விரித்த இரண்டு கை, வயிறு. அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் வெறுமை. கால் இல்லை. தம்பி மூன்று தரம் முயன்றார். கால் வரவில்லை.

"இது போயிட்டு அம்மா. அழிச்சதில சிலது இப்பிடிப் பாதிதான் வரும். இதுக்கு மேல ஏலா."

"போனது காலுதானே," என்றேன். "இனிச் சொன்ன மாதிரி மூண்டாக்குங்க."

மூன்று சீடி போட்டார். ஒன்று ராத்தாவின் பெட்டிக்குள், உடுப்புக்கு நடுவில், வெளிநாட்டுக்குப் போனது. ஒன்று ஆரையம்பதியில் தங்கச்சியின் நெல்லுப் பெட்டிக்குள் போனது. அதை வயலில் கட்டினால் உங்களையும் பக்கத்தில் கட்டுவேன் என்று மனிசனிடம் சொல்லிவைத்தேன். ஒன்று கடையில். சிப் என் கொட்டைப்பெட்டியில், சுண்ணாம்புப் பக்கம் அல்ல, பாக்குப் பக்கம், ஒரு பொலித்தீன் துண்டில் சுற்றி. சொன்ன வாக்கு நிறைவேறியது என்று அன்று ஏறாவூரிலிருந்து திரும்பி வரும்போது பஸ்ஸுக்குள் நான் கதைக்காத ஆளில்லை. பஸ் முழுக்க என் பேத்தியின் கதை தெரியும்.

ஒரு மாதம் கழித்து மகள் பேசினாள். எல்லாப் படமும் பார்த்தாளாம். வேலை செய்கிற வீட்டு அம்மாவின் கொம்பியூட்டரில், அந்த அம்மாவையும் பக்கத்தில் இருத்திப் பார்த்தாளாம்.

"அந்த ஒரு படத்தில காலக் காணல்லியே அம்மா."

"நான் சொல்றன், கேளு," என்றேன். "வலது கால் பாயில. பெருவிரல மடக்கிப் பாயக் கவ்விப் புடிச்சிரிக்கி, உன்னப் போலத்தான். இடது கால் ஒரு சாண் மேல. காலடியில நெல்லு ஒட்டியிரிக்கி. மூண்டு நெல்லு."

பிறகு, "மறுகாச் சொல்லுங்க," என்றாள். மறுகாச் சொன்னேன். போன் அறுகிறவரைக்கும் சொன்னேன்.

அவள் வர இன்னும் ஒன்றரை வருசம் எடுத்தது. அதுவரை சீடியை ஏறாவூர்க் கடையில் போட்டுப் போட்டுப் பேத்திக்குத் தாயைக் காட்டினேன். மகள் வந்த அன்று ஆரையம்பதிச் சந்தியில் நாங்கள் எல்லோரும் நின்றோம். வானிலிருந்து இறங்கினவள் மெலிந்து, வேறு நிறமாக, தலையில் முக்காட்டோடு இருந்தாள். எனக்கே ஒரு கணம் பிடிபடவில்லை. அவள் பேத்தியைப் பார்த்து உதட்டை மூடிச் சிரித்தாள்.

பேத்தி என் கையை விட்டது. "அம்மா," என்று சொல்லிக்கொண்டு நேரே நடந்து போனது. யாரென்று கேட்கவில்லை.

மகள் அவளைத் தூக்கவில்லை. குந்தியிருந்து, அவளுடைய இரண்டு காலையும் பிடித்துப் பார்த்தாள். பெருவிரலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகுதான் தூக்கினாள்.

கைப்பையிலிருந்து ஒரு புதுக் கமராவை எடுத்து என்னிடம் நீட்டினாள். திருப்பிப் பார்த்தேன். மூலையில் இருக்கும் வாளிப் பொத்தானுக்கு மேல், காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டரில் ஒரு துண்டு வெட்டி, இறுக்கமாக ஒட்டியிருந்தது.

"எடுங்க அம்மா," என்றாள்.

நான் நாலடி பின்னால் போனேன். காணாது என்று இன்னும் இரண்டடி போனேன். பின்னால் வந்த சைக்கிள்காரன் மணியடித்து ஏசினான். காலெல்லாம் விழுகிறதா என்று பார்த்துத்தான் அமத்தினேன்.